பார்க்காமல் வைத்த பாடங்கள்

ஏனாத்தூரில் ஒரு கல்லூரியில் ஆசிரியர் பயிற்சிக்கு என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். ‘ஃப்ளிப்டு கிளாஸ்ரூம்: பயன்கள்’ என்று பேனர் அடித்துக் கட்டியிருந்தார்கள். மேடையும் மைக்கும் எனக்கு ஒத்துவராத சமாச்சாரம். பெரிய திரையில் ஒவ்வொரு பயனும் அம்புக்குறியோடு பறந்து வந்து நிற்பதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் போனேன். போயிருக்க வேண்டியவள் வேறொருத்தி. அவள் இல்லாததால் நான் போனேன். பயன்களைச் சொன்னேன், கைதட்டினார்கள், பஸ் ஏறி வந்துவிட்டேன். அங்கே சொல்லாமல் வந்ததை இங்கே எழுதுகிறேன்.

நானும் அவளும் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரே பெண்கள் பள்ளியில் வேலை பார்த்தோம். நான் அறிவியல், அவள் கணக்கு. ஒரே தெருவில் வீடு. என்னைவிடக் கொஞ்சம் சின்னவள், அதனால் அக்கா என்பாள். அவளுக்கு ஒரே மகள். அந்தப் பெண் எங்கள் பள்ளியிலேயே படித்தாள். தெருவில் என்னைப் பெரிம்மா என்பாள், பள்ளிக்குள் கால் வைத்ததும் மிஸ் என்பாள். பெற்ற தாயையும் பள்ளிக்குள் மிஸ் என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது அம்மாக்காரி போட்ட சட்டம். அதில் அவள் ரொம்பக் கறார்.

ஒரு கோடை விடுமுறையில் எங்கேயோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்தவள், நேராக என் வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

“நாம செய்யறது எல்லாம் தலைகீழா இருக்குதுக்கா. பாடம் கேக்கறது சுலபமான வேலை. அதை நாம பக்கத்துல இருக்கச்சொல்ல செய்யுதுங்க. கணக்கு போடறது கஷ்டமான வேலை. அதை வூட்ல, கேக்க ஆளே இல்லாத எடத்துல செய்யச் சொல்லி அனுப்பறோம். தப்பாப் போட்டுக்கினு வந்தா திட்டறோம். எந்த ஊரு நியாயம் இது?”

அவ்வளவுதான் விஷயம். பாடத்தைச் சின்ன வீடியோவாகப் பிடித்து அனுப்பிவிடுவது. பிள்ளைகள் அதை வீட்டில் பார்த்துவிட்டு வருவது. கணக்கை வகுப்பில், டீச்சர் பக்கத்தில் நிற்கும்போது போடுவது. இதற்கு ஒரு பெயர் வைத்து, பேனர் அடித்து, பயிற்சி கொடுக்கிறார்கள். அவள் அடுப்படியில் உட்கார்ந்து காபி ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிட்டாள்.

“சம்பளம் உங்களுக்கு, வேலை போனுக்கா?” என்று தலைமை ஆசிரியை கேட்டார். ஸ்டாஃப் ரூமே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் போனைப் பிடித்துக்கொண்டு படம் எடுக்கிற வேலை என் தலையில்தான் விழுந்தது. அவள் வீட்டு முன்னறையில் பலகையை மாட்டி, ஒன்பதாம் வகுப்புக்கு முதல் பாடத்தைப் பிடித்தோம். பயிற்சி கொடுத்தவர்களுக்கு அனுப்பினோம். பாடம் நன்றாக இருக்கிறது, பின்னால் என்ன அவ்வளவு சத்தம் என்று எழுதியிருந்தார்கள். என்ன சத்தம் என்று எங்களுக்கு விளங்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டோம். கடைசியில் வெளியூரில் வாக்கப்பட்ட என் தங்கை வந்திருந்தபோது அவள்தான் சொன்னாள். பக்கத்து வீட்டுத் தறி. பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டே இருப்பதால் எங்கள் இரண்டு பேர் காதிலும் அது விழவே இல்லை.

எங்கள் பிள்ளைகளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பாதிப் பேர் வீட்டில் தறி இருந்தது. ஊரடங்கில் ஆன்லைன் வகுப்புக்காக வாங்கிய போன் எல்லார் வீட்டிலும் இருந்தது. அப்பா நெய்துகொண்டிருக்கும்போது வீடியோ போட்டால் ஒரு எழுத்து காதில் ஏறாது. அதனால் அவர் சாப்பிட எழுந்திருக்கிற நேரம் பார்த்துப் போட்டுவிடுவார்கள். அமாவாசைக்குத் தறியில் உட்காரமாட்டார்கள், அன்றைக்கு வீடு அமைதியாக இருக்கும். மறுநாள் வகுப்புக்கு வரும்போது பிள்ளைகள் எல்லாம் பாடத்தைக் கரைத்துக் குடித்துவிட்டு வந்து நிற்கும். இதைக் கவனித்தவள் அதன் பிறகு நாள்காட்டியைப் பார்த்தே பாடம் அனுப்பினாள். கடினமான பாடம் எல்லாம் அமாவாசைக்கு. பெற்றோர் கூட்டத்தில் ஒரு அம்மா எழுந்து, “தறிக்கு நூல் தார் சுத்திக்கினே நானும் கேக்கறேன் மிஸ். எனக்கே இப்ப பாதி புரியுது” என்றார். அன்றைக்கு முழுக்க இவள் தரையில் நடக்கவில்லை.

வகுப்பே மாறிப்போனது. பேசாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் கேள்வியோடு வந்தார்கள். ஒரு பெண் சொன்னாள்: “வூட்ல மிஸ்ஸ நிறுத்தி, திரும்ப சொல்லச் சொல்லி கேக்கலாம். கிளாஸ்ல கேட்டா மத்தவங்க சிரிப்பாங்க.” பாடம் நடத்துகிற நேரம் மிச்சமானதால் வெளியேயும் கூட்டிக்கொண்டு போக முடிந்தது. ஒருநாள் மொத்த வகுப்பையும் பெருமாள் கோயில் சந்நிதித் தெருவில் நிறுத்தி, கோணமானியில் நூலைக் கட்டிக் கொடுத்து, ராஜகோபுரத்தின் உயரத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னாள். ஆளுக்கொரு உயரம் வந்தது. நின்று பார்க்கிறவளின் உயரத்தைக் கூட்ட வேண்டும் என்பதை எல்லாரும் மறந்துவிட்டார்கள். குள்ளமாக இருப்பவளுக்கு ஒரு கோபுரம், நெட்டைக்கு ஒரு கோபுரம். இளநீர்க்காரர் உட்படத் தெருவே வேடிக்கை பார்த்தது. அவள் மகளும் அந்த வகுப்பில்தான் இருந்தாள்.

அந்த வகுப்போடு சேர்ந்து அம்மாக்காரியும் பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்க ஏறுவதாக இருந்தது. பத்தாவது அவளுக்கு முதல்முறை. மகள் பிளஸ் ஒன்னில் கணக்கு குரூப் எடுக்க வேண்டும் என்பது அவள் ஆசை. மகளுக்கும் அதே ஆசைதான். அந்த வருடம் மாசி கடைசியில் அவளுக்கு வயிற்றுவலி வந்தது. வயிற்றில் கட்டி என்றார்கள். பிறகு அது வேறு இடங்களுக்கும் பரவியிருக்கிறது என்றார்கள். நான் அந்த ஆஸ்பத்திரி நாட்களைப் பற்றி எழுதப் போவதில்லை. எழுதினால் யார் மேலாவது கோபப்படுவேன். கோபப்பட அங்கே ஆள் யாரும் இல்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆறாத கோபம்.

சித்திரையில் என்னைக் கூப்பிட்டனுப்பினாள். “பிள்ளைங்களுக்கு பத்தாவது பாடத்த பிடிச்சு வெச்சுடலாங்க்கா. என்னால கிளாஸ்ல நிக்க முடியாது. உக்காந்துக்கினு கொஞ்ச நேரம் பேசலாம். பாடத்த நான் சொல்லிடறேன். கணக்க நீ போட வை.”

நான் மறுத்தேன். உடம்பைப் பார்க்காமல் இது என்ன பிடிவாதம் என்று கத்தினேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. யோசித்துப் பார்த்தால், ஒரு பீரியட் முழுக்க நிற்க முடியாத ஒருத்தி ஒரு வருடப் பாடத்தை நடத்தி முடிக்க இந்த முறை ஒன்றுதான் வழிவிட்டது. ஏனாத்தூரில் நான் சொல்லாமல் விட்ட பயன் இது.

சனிக்கிழமை காலையில் மகளை இந்தி டியூஷனுக்கு அனுப்பிவிட்டுத்தான் ஆரம்பிப்போம். மகள் வீட்டில் இருந்தால் வாயில் வார்த்தை வராது என்றாள். முகம் தெரியக் கூடாது என்றும் சொல்லிவிட்டாள். முடி போயிருந்தது, கன்னம் ஒட்டியிருந்தது. அதனால் கையும் காகிதமும் மட்டும் தெரிகிற மாதிரி போனைப் பிடித்தேன். கை மெலிந்ததில் வளையல் முழங்கை வரைக்கும் ஓடி ஓடி வந்தது. சத்தம் கேட்கிறதென்று கழற்றி வைத்துவிட்டாள். ஒரு பாடம், கொஞ்சம் படுக்கை, மறுபடி ஒரு பாடம். குரல் மட்டும் மாறவில்லை. எனக்கு அழுகை வந்து கை நடுங்கினால், “போன நேரா புடிக்கா, எக்ஸ் ஆடுது” என்பாள்.

வடிவியலில் ஆரம்பித்துக் கடைசிப் பாடம் வரை முடித்தோம். பள்ளி திறந்து கொஞ்ச நாளில், ஆடியில், அவள் போய்விட்டாள்.

காரியம் முடிந்து மகள் பள்ளிக்கு வந்தாள். பத்தாம் வகுப்புக் கணக்கை என்னிடம் கொடுத்திருந்தார்கள். வீடியோக்கள் என் போனில் இருந்தன. அவற்றை அனுப்பலாமா கூடாதா என்று ஸ்டாஃப் ரூமில் பெரிய வாக்குவாதம். போனவள் குரலைப் பிள்ளைகள் வீட்டுக்குள் அனுப்புவதா என்றார் ஒருத்தர். பிள்ளைகளோ என்னைச் சுற்றிக்கொண்டு, “மிஸ் நமக்காகத்தான பேசி வெச்சாங்க” என்றார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மகளையே தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“அனுப்புங்க மிஸ்” என்றாள். “எல்லாருக்கும் வேணும்ல.”

அனுப்பினேன். பிள்ளைகள் பார்த்துவிட்டு வந்தார்கள். வகுப்பில் கணக்குப் போட்டார்கள். முன்பு போலவே சந்தேகம் கேட்டார்கள். மகள் மட்டும் வெறுங்கையோடு வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு ஒரு கணக்கும் ஆரம்பிக்கத் தெரியவில்லை. கணக்கில் வகுப்பிலேயே கெட்டிக்காரி அவள். காலாண்டில் தட்டுத்தடுமாறிப் பாஸ் ஆனாள், அரையாண்டில் அதுவும் இல்லை. இப்படியே போனால் பொதுத்தேர்வில் கணக்கில் தேறுவதே சந்தேகம், பிளஸ் ஒன் பேச்சையே எடுக்க முடியாது. அவள் அப்பாவைப் பார்த்துப் பேசினேன். அவர் பட்டு சொசைட்டி ஆபீசில் வேலை பார்ப்பவர், முன்பே அதிகம் பேசமாட்டார். “போன்ல அந்த குரூப்ல வர்ற வீடியோவ அவ தொறக்கறதே இல்ல போல. நான் கேக்கலம்மா. கேக்க தெரியல” என்றார்.

பயப்படுகிறாள் என்றுதான் நினைத்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தானே நினைப்போம். மற்ற பிள்ளைகளும் அப்படியே நினைத்தார்கள். அவள் இருக்கும்போது ‘வீடியோவில் மிஸ் இப்படிச் சொன்னாங்க’ என்று ஒருத்தி வாயிலிருந்தும் வராது. இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. தாங்களாகவே பேசி வைத்துக்கொண்டார்கள். ஒருநாள் ஒருத்தி வாய் தவறி, அவள் அம்மா மாதிரியே குரலை இழுத்து, “இந்தப் பக்கம் இருக்கறத அந்தப் பக்கம் அனுப்பு, டிக்கெட் வாங்காம அனுப்பாத, குறிய மாத்து” என்று சொல்லிவிட்டாள். இவள் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். சொன்ன பெண் டெஸ்க்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள்.

நான் பின்னாலேயே போனேன். தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நின்றிருந்தாள். எனக்குப் பொறுமை போதாது என்பது ஊரறிந்த விஷயம். கொஞ்சம் கடுமையாகத்தான் ஆரம்பித்தேன்.

“ஒரு தடவ போட்டுக் கேளுமா. அழுகை வரும், வரட்டும். அழுதுட்டு கணக்க போடு. எத்தினி நாளைக்கு இப்படி பயந்துக்கினு இருப்ப?”

“பயம் இல்ல மிஸ்.”

“பின்ன என்ன?”

அவள் முகத்தைக் கழுவினாள். துப்பட்டாவில் துடைத்தாள். “அம்மா பேசினதுல நான் இன்னும் கேக்காதது அது மட்டும்தான் மிஸ். மத்ததெல்லாம் கேட்டுட்டேன். அதையும் பாத்துட்டா தீந்துடும். அப்புறம் அம்மா புதுசா எதுவும் பேசமாட்டாங்க.”

நாற்பது பேருக்கு வீட்டுப்பாடம் என்று நான் அனுப்பிக்கொண்டிருந்தது, இவளுக்கு இன்னும் மிச்சமிருந்த அம்மா. இவள் காதுபடவே வகுப்பில் ஒருத்தி அதில் ஒரு வரியைச் செலவழித்துவிட்டாள். அதனால்தான் காதைப் பொத்திக்கொண்டு ஓடியிருக்கிறாள். குழாயைத் திறந்து நானும் முகத்தைக் கழுவினேன். கழுவிக்கொண்டே அழுதேன். அவள்தான் என் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

அவள் ஒன்றையும் பார்க்க வேண்டாம் என்று முடிவு செய்தேன். பத்தாம் வகுப்புக்குக் காலையில் ஸ்பெஷல் கிளாஸ் உண்டு. அதற்கும் முன்னால் அவளை வரச்சொல்லி, பலகையில் சாக்பீஸால் எழுதி, அந்தக் காலத்து முறையில் நானே பாடம் நடத்தினேன். “புரட்டிப் போட்டத மறுபடி புரட்டிட்டீங்களா டீச்சர்?” என்று தலைமை ஆசிரியை கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் வகுப்பறைச் சாவியை என்னிடமே கொடுத்துவிட்டார். அவள் அம்மா ஒரு வாக்கியத்தில் புரியவைப்பதை நான் நாலு தரம் சொல்ல வேண்டியிருந்தது. தெரிந்த உதாரணம் வாயில் வந்தால் விழுங்கிக்கொள்வேன், அது அவள் அம்மாவுடையதாக இருக்கும். சொந்தமாக ஏதாவது யோசித்துச் சொல்வேன், பாதி உளறலாக இருக்கும். அவளும் பொறுத்துக்கொண்டாள். மெல்ல மெல்லக் கணக்கு வந்தது.

பொதுத்தேர்வுக்கு முந்தின வாரம், பலகையை அழித்துக்கொண்டிருந்தபோது கேட்டாள். பள்ளிக்குள் இருந்துகொண்டே அன்றைக்கு என்னைப் பெரிம்மா என்று கூப்பிட்டாள்.

“பெரிம்மா, அதுல எனக்குன்னு ஏதாச்சும் சொல்லியிருக்காங்களா?”

என்றைக்காவது இதைக் கேட்பாள் என்று எனக்குத் தெரியும். கடைசிப் பாடம் பிடித்து முடித்த சனிக்கிழமை நானே அவள் அம்மாவிடம் கெஞ்சினேன். முடிவில் மகளுக்கு ஒரு வார்த்தை சொல்லேன், பின்னால் கேட்டுக்கொள்வாள் என்றேன். அவள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். “கிளாஸ்ல நாப்பது பொண்ணுங்க பாக்கும்க்கா. ஒருத்திக்கு மட்டும் எப்படி சொல்றது? மத்ததுங்க மூஞ்சி என்னாவும்?” என்றாள். சட்டம் போட்டவளுக்குச் சட்டத்தை மீறத் தெரியவில்லை. அன்றைக்கு அவளை அறைந்துவிடலாம் போல இருந்தது எனக்கு.

பொய் சொல்லியிருக்கலாம். இருக்கிறது, ஒருநாள் பார்த்துக்கொள் என்று சொல்லியிருந்தால் அவளுக்கு அது ஆயுசுக்கும் போதும். ஆனால் என்றைக்காவது எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு, இல்லாததைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

“இல்லம்மா” என்றேன். “கணக்கு மட்டும்தான். எல்லாருக்கும் சொன்னதுதான்.”

டஸ்டரைத் தட்டி மேசைமேல் வைத்தாள். “தெரியும்” என்றாள். “ஸ்கூல்ல சொல்லமாட்டாங்க.”

தேறினாள். அம்மா இருந்தால் திட்டியிருக்கும் மதிப்பெண்தான், ஆனாலும் கணக்கு குரூப் கிடைத்தது. இப்போது ஏனாத்தூரில்தான் கல்லூரியில் கணிதம் படிக்கிறாள், காலை பஸ்ஸில் நின்றுகொண்டே போகிறாள். பத்தாம் வகுப்புக் கணக்கெல்லாம் அவளுக்கு இப்போது விளையாட்டு.

வருடாவருடம் அம்மாவின் திதியன்று, ஐயர் போய், வந்தவர்கள் சாப்பிட்டுப் போன பிறகு, ஒரே ஒரு வீடியோ பார்க்கிறாள். இதைப் பற்றி அவளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அவள் அப்பா சொல்லித்தான் தெரியும். அந்த நேரத்தில் அவர் எழுந்து வெளியே போய்விடுவாராம். போன ஆடியில் திதிக்குப் போய்விட்டு வீட்டுக்கு வந்து படுத்திருந்தேன். போன் வந்தது. எடுத்தால் அவள்.

“என்னம்மா?” என்றேன்.

“பாத்தேன் பெரிம்மா. வட்டத்துக்கு வெளிய ஒரு புள்ளியிலேர்ந்து ரெண்டு தொடுகோடு வரையறது.”

“சரி.”

“வரைஞ்சு முடிச்சிட்டு அம்மா ‘புரிஞ்சுதா’ன்னு கேட்டாங்க. கேட்டுட்டு கொஞ்சம் சும்மா இருந்தாங்க. புரிஞ்சுதும்மான்னு சொன்னேன். மிஸ்ஸுன்னு சொல்லல, அம்மான்னுதான் சொன்னேன்.” குரல் உடைந்தது. “அப்புறம் ‘சரி, அடுத்ததுக்குப் போலாம்’னாங்க. அத்தோட முடிஞ்சிடுச்சு.”